சென்னைக்குச் சாமான் எடுக்கப் போகும் சகோதரிகளுக்கு

கல்யாணம் பேசி முடிந்த வீட்டில், திகதி குறிப்பதற்கு முன்பே ஒரு கேள்வி எழுந்துவிடுகிறது. "சாமான் எடுக்க இந்தியாவுக்குப் போகிறீர்களா?" இந்தியா என்றால் நம்மவர்களுக்கு டில்லியுமல்ல, பம்பாயுமல்ல, சென்னைதான். 1996இல் பெயர் மாறிய பின்பும் நமது மூத்தம்மாமார் அதை "மதராஸ்" என்றே சொல்கிறார்கள். தலைமன்னாரில் கப்பலேறி, தனுஷ்கோடியில் இறங்கி, ரயிலில் போய்ச் சேர்ந்த 'போட் மெயில்' காலத்துப் பழக்கம் அது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தபோது அந்தப் பாதையும் அழிந்தது. இன்று கட்டுநாயக்காவில் விமானம் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் சென்னை.

பயணம் சுருங்கிவிட்டது. ஆனால் செலவு சுருங்கவில்லை. சீட்டுப் போட்டுச் சேர்த்த பணம், வெளிநாட்டில் உழைக்கும் பிள்ளை அனுப்பிய பணம், காணித் துண்டொன்றை விற்ற பணம் என்று ஒரு குடும்பத்தின் பல வருட உழைப்பு நாலைந்து நாட்களில் அந்த நகரத்தில் கரைகிறது. கரைவது தெரிந்து கரைய வேண்டும். அதற்காகவே இந்தக் கட்டுரை.

போகத்தான் வேண்டுமா?

முதலில் வீட்டில் உட்கார்ந்து ஒரு கணக்குப் பாருங்கள். ஒரு தாளை எடுத்து இடது பக்கத்தில் விமானச் சீட்டு, விசா, அறை வாடகை, சாப்பாடு, ஓட்டோ ஆகியவற்றை எழுதுங்கள். எத்தனை பேர் போகிறீர்களோ அத்தனையால் பெருக்குங்கள். வலது பக்கத்தில் நீங்கள் வாங்க இருக்கும் பொருட்களையும், அவற்றின் கொழும்பு விலையையும் சென்னை விலையையும் எழுதுங்கள். சென்னை விலையை ஏற்கனவே போய் வந்தவர்களிடம் கேட்டறியலாம். வலது பக்கத்தில் மிச்சமாகும் தொகை இடது பக்கத்தை விடக் குறைவாக இருந்தால், நீங்கள் சாமான் எடுக்கப் போகவில்லை. ஊர் பார்க்கப் போகிறீர்கள். ஊர் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் அதைக் கல்யாணச் செலவில் எழுதிக்கொள்ள வேண்டாம்.

இரண்டு சாரியும் நாலு சல்வாரும் எடுப்பதற்கு ஐந்து பேர் போவது எந்தக் கணக்கிலும் சேராது. கொழும்பு புறக்கோட்டையிலும் கல்முனையிலும் தொங்கும் துணியில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து வந்ததுதான். மணமகளின் கூறை, இரு வீட்டாருக்குமான உடுப்பு, பிள்ளைகளின் உடுப்பு என்று மொத்தமாக எடுப்பவர்களுக்கே சென்னை இலாபம். அப்படியானாலும் மூன்று பேர் போதும்: தெரிவு செய்ய ஒருவர், பணத்தைப் பார்த்துக்கொள்ள ஒருவர், பொதி தூக்க ஒருவர்.

புறப்படுமுன்

கடவுச்சீட்டில் ஆறு மாதத்துக்குக் குறையாத காலம் இருக்கிறதா என்று பாருங்கள். இந்திய விசாவை இணையத்தின் மூலமும் பெறலாம். ஆனால் அரசாங்கத் தளத்தைப் போலவே தோற்றமளித்து அதிகப் பணம் பறிக்கும் தளங்களும் இருக்கின்றன. நம்பிக்கையான பயண முகவர் ஒருவரைக் கொண்டு செய்விப்பதே பாதுகாப்பு.

முந்திய பயணத்தில் மிஞ்சிய இந்தியப் பணம் அலுமாரியில் கிடக்கலாம். 2016 நவம்பருக்கு முந்திய பழைய ஐந்நூறு, ஆயிரம் ரூபா நோட்டுக்கள் இன்று வெறும் காகிதம். இரண்டாயிரம் ரூபா நோட்டும் 2023இல் புழக்கத்திலிருந்து மீளப் பெறப்பட்டுவிட்டது. அதைக் கடையில் நீட்டினால் வாங்கமாட்டார்கள். பணம் மாற்றுவதை அனுமதி பெற்ற இடத்தில் மட்டும் செய்து, பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். இப்போது அங்கே பூக்காரி முதல் எல்லோரும் கைத்தொலைபேசியில்தான் பணம் பெறுகிறார்கள். ஆனாலும் கையில் காசு கொடுத்தால் மறுப்பவர் குறைவு. சில்லறை நோட்டுக்களாக வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்க வேண்டியவற்றின் பட்டியலை வீட்டிலேயே எழுதி முடியுங்கள். யாருக்கு, என்ன நிறம், என்ன அளவு, எவ்வளவு விலைக்குள் என்று நாலு நிரல் போடுங்கள். பிள்ளைகளின் அளவுக்கு அவர்களுடைய உடுப்பொன்றையே எடுத்துப் போங்கள். மாப்பிள்ளை வீட்டார் தெரிவு செய்த நிறத்துக்கு ஒரு துண்டுத் துணி கைப்பையில் இருக்கட்டும். பட்டியலில் இல்லாத பொருளைக் கண்டால் அன்று வாங்காதீர்கள். மறுநாளும் மனம் கேட்டால் யோசியுங்கள்.

காலத்தையும் கவனிக்க வேண்டும். ஏப்ரல் முதல் ஜூன் வரை சென்னை வெயில் நம்மூர் வெயிலல்ல. வயதானவர்களை அழைத்துப் போக வேண்டாம். ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகீழ்ப் பருவமழை. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் நகரம் வெள்ளத்தில் மூழ்கியதை மறந்திருக்கமாட்டீர்கள். தீபாவளிக்கு முந்திய வாரங்களில் கடைத்தெருவில் கால் வைக்க இடமிருக்காது. ஜூலை நடுப்பகுதி தொடக்கம் ஓகஸ்ட் நடுப்பகுதி வரையிலான ஆடி மாதத்தில் அங்குள்ளவர்கள் கல்யாணம் செய்வதில்லை. வியாபாரம் மந்தமாவதால் கடைகள் 'ஆடித் தள்ளுபடி' அறிவிக்கின்றன. அவர்களுக்கு மந்தமான மாதம் நமக்கு வசதியான மாதம்.

எங்கே தங்குவது?

விமான நிலையத்திலிருந்து நகருக்குள் மெட்ரோ ரயில் ஓடுகிறது. ஆயிரம் விளக்கு, எல்.ஐ.சி., அரசினர் தோட்டம், சென்ட்ரல், உயர் நீதிமன்றம், மண்ணடி ஆகிய நிலையங்கள் எல்லாம் அந்த ஒரே பாதையில் இருக்கின்றன. மாறி ஏற வேண்டியதில்லை. பொதியில்லாமல் போகும்போது இதுவே மலிவு. பொதியோடு வரும்போது முற்பணம் கட்டும் டக்சியில் ஏறுங்கள். ஓட்டோவில் ஏறுவதானால் ஏறுமுன்பே கட்டணத்தைப் பேசிவிடுங்கள். நாம் "கதைக்கிறோம்" என்று சொன்னதுமே இலங்கையிலிருந்து வந்தவர்கள் என்று அங்குள்ளவர்களுக்கு விளங்கிவிடும். ஆகவே பேரம் பேசுவதற்கு முன் கட்டணத்தை அறை எடுத்த இடத்தில் விசாரித்துக்கொள்வது நல்லது.

நம்மவர்கள் பெரும்பாலும் தங்குவது திருவல்லிக்கேணி, மண்ணடி, பெரியமேடு, ஆயிரம் விளக்கு ஆகிய பகுதிகளில். நாலிலும் பள்ளிவாசல் உண்டு, முஸ்லிம் சாப்பாட்டுக் கடைகள் உண்டு. ஆனால் நாலும் ஒன்றல்ல.

திருவல்லிக்கேணி கடற்கரைக்கு அருகில். வாலாஜா பள்ளிவாசல் என்னும் பெரிய பள்ளி அங்கேதான் இருக்கிறது. ஆற்காட்டு நவாப் குடும்பத்தார் 1795இல் கட்டிய கருங்கல் பள்ளி அது. அதன் விசாலமான முற்றத்தில் றமழானில் நோன்பு திறப்பவர்களுக்குச் சிந்தி இந்துத் தொண்டர்கள் பல தசாப்தங்களாக உணவு பரிமாறி வருகிறார்கள். தங்குமிடம் தேடும்போது ஒன்றைக் கவனியுங்கள். இப்பகுதியில் 'மேன்ஷன்' என்று பலகை தொங்கும் கட்டடங்கள் நிறைய உண்டு. அவை வேலைக்கு வந்த தனி ஆண்கள் தங்குபவை, குடும்பத்துக்கு ஏற்றவையல்ல. குடும்பங்களுக்கு அறை தரும் ஹோட்டல்தானா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

மண்ணடி மொத்த வியாபாரப் பகுதி. பகலில் வண்டியும் கைவண்டியுமாக நெருக்கடி. வியாபாரத்துக்காகப் போகும் ஆண்களுக்கு வசதி. கைக்குழந்தையோடு போகும் தாய்மாருக்குச் சிரமம். பெரியமேடு சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கம். வெளியூர்களுக்கு ரயிலில் போக இருப்பவர்களுக்கு ஏற்றது. ஆயிரம் விளக்கு வைத்தியசாலைகளுக்குப் பக்கம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

வெளிநாட்டவர் தங்கினால் விடுதிக்காரர் அந்த விபரத்தை அரசாங்கத்துக்கு அறிவிக்க வேண்டும். இந்த வேலைக்குப் பயந்து சில சிறு விடுதிகள் நமது கடவுச்சீட்டைக் கண்டதும் "அறை இல்லை" என்று சொல்லிவிடும். இரவு பத்து மணிக்கு உம்மாவையும் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு அந்தப் பதிலைக் கேட்கக் கூடாது. புறப்படுமுன்பே தொலைபேசியில் "இலங்கைக் கடவுச்சீட்டு, பெண்களும் இருக்கிறோம்" என்று சொல்லி உறுதி செய்துகொள்ளுங்கள். அறையைக் கண்ணால் பார்த்து, கதவுத் தாழ்ப்பாளையும் மலசலகூடத்தையும் சோதித்த பிறகே பணம் கட்டுங்கள்.

எங்கே சாப்பிடுவது?

சென்னையில் முஸ்லிம்கள் நடத்தும் கடையை எல்லா மதத்தவரும் "பாய் கடை" என்று அன்பாகச் சொல்வார்கள். பிரியாணி என்றால் பாய் வீட்டுப் பிரியாணி என்பது அந்த ஊரின் நம்பிக்கை. சிறிய சீரகச் சம்பா அரிசியில் ஆக்கி, கத்தரிக்காய்ச் சட்டினியும் தயிர் வெங்காயமும் வைத்துத் தருவார்கள். நமது புரியாணியைப் போல் கஜுவும் முட்டையும் அச்சாறும் தேடாதீர்கள். அது வேறு ருசி. அண்ணா சாலையில் 1951இல் தொடங்கிய புஹாரி ஹோட்டல் நம்மவர் பலருக்கும் தெரிந்த இடம். 'சிக்கன் 65' என்ற பொரித்த கோழி 1965இல் அங்கேதான் பிறந்தது என்று சொல்கிறார்கள்.

தமிழ்நாட்டில் இறைச்சிக் கடை வைத்திருப்பவர்களில் முஸ்லிம்கள் அதிகம் என்பதால் எல்லாக் கடையும் ஹலால் என்று எண்ணிவிடக் கூடாது. பெரிய ஹோட்டல்களிலும் புதுப் பெயர்க் கடைகளிலும் கேட்டே சாப்பிடுங்கள். கேட்பதில் வெட்கமில்லை, அவர்களும் தவறாக நினைப்பதில்லை. மாட்டிறைச்சி எல்லா இடத்திலும் கிடைக்காது. "மட்டன்" என்றால் அங்கே ஆட்டிறைச்சி.

சந்தேகம் வந்தால் சைவக் கடைக்குப் போய்விடுங்கள். காலையில் இட்லி, பொங்கல், தோசை. பகலில் சாம்பார், ரசம், மோரோடு சாப்பாடு. விலையும் குறைவு, வயிற்றுக்கும் கேடில்லை. திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையில் 1948 முதல் நடக்கும் ரத்னா கஃபேயில் இட்லி மூழ்கும் அளவுக்குச் சாம்பாரை ஊற்றித் தருவார்கள். தேங்காய்ப்பால் ஆணத்துக்கும் சம்பலுக்கும் நாக்குப் பழகியவர்களுக்கு மூன்றாம் நாள் சலிப்பு வரும். ஒரு போத்தல் மாசிச் சம்பல் கொண்டு போங்கள். பெரியவர்கள் துஆச் செய்வார்கள். போத்தல் தண்ணீரையே குடியுங்கள்.

பர்மா பஜார்ப் பக்கம் மாலையில் போனால் 'அத்தோ' என்ற நூடுல்ஸ் உணவு விற்பதைக் காணலாம். பர்மாவிலிருந்து 1960களில் திரும்பி வர நேர்ந்த தமிழர்கள் கொண்டுவந்த உணவு அது. அந்தக் கடைத்தெருவும் அவர்களுக்காகவே உண்டானது. அகதியாய் வந்தவர்கள் தெருவோரத்தில் கட்டியெழுப்பிய வாழ்வு அது. இடம்பெயர்வின் வேதனை தெரிந்த நம்மவர்களுக்கு அதைப் பார்க்கும்போது மனம் நெகிழும்.

எங்கே வாங்குவது?

தியாகராய நகர் என்னும் தி. நகர்தான் சில்லறைத் துணிக்கும் நகைக்கும் பெரிய சந்தை. பனகல் பூங்காவைச் சுற்றிப் பட்டுக் கடைகள். அவற்றுள் நல்லி 1928 முதல் இருப்பது. நகைக்கடைகள் நிறைந்த உஸ்மான் சாலை, 1934இல் சென்னை மாகாணத்தின் தற்காலிக ஆளுநராக இருந்த சேர் முகம்மது உஸ்மானின் பெயரைத் தாங்குகிறது. ரங்கநாதன் தெரு மலிவுச் சாமான்களுக்குப் பேர் போனது. ஒடுக்கமான அந்தத் தெருவில் கூட்டம் நம்மைத் தள்ளிக்கொண்டு போகும். கைப்பையை முன்னால் பிடியுங்கள். பிள்ளையின் கையை விடாதீர்கள். 2023இல் மாம்பலம் ரயில் நிலையத்தையும் பஸ் நிலையத்தையும் இணைத்துத் திறந்த ஆகாய நடைபாதையால் அந்த நெரிசலுக்கு மேலாகவே நடந்து போகலாம். ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்த்து, வாரநாளில் காலையிலேயே போய்விடுங்கள். தெருவோரத்தில் பெண்களுக்கு மலசலகூடம் கிடைப்பது கஷ்டம். பல மாடிக் கடைகளுக்குள் இருக்கும்போதே அந்தத் தேவையை முடித்துக்கொள்ளுங்கள்.

மொத்தமாக எடுப்பவர்களுக்கு பாரிமுனைப் பக்கம். கோடவுன் தெருவில் துணி. சௌகார்பேட்டைச் சந்துகளில் சரிகை, லேஸ், மணி, கவரிங் நகை, காப்பு. அபாயாவும் பர்தாவும் மண்ணடியிலும் திருவல்லிக்கேணியிலும் கிடைக்கும். தோல் சாமான்களுக்குப் பெரியமேடு.

பட்டு எடுப்பவர்கள் இரண்டு விடயங்களைக் கேளுங்கள். ஒன்று, பட்டு அசலா? இந்திய மத்திய பட்டு வாரியத்தின் 'சில்க் மார்க்' முத்திரை இருந்தால் இழை தூய பட்டு. இரண்டு, சரிகை அசலா? சில்க் மார்க் பட்டுக்கு மட்டும்தான் சாட்சி, சரிகைக்கல்ல. வெள்ளி இழையில் பொன் முலாம் பூசிய சரிகைக்கும் செம்பு, பிளாஸ்டிக் சரிகைக்கும் விலையில் பெரும் வித்தியாசம் உண்டு. கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே மினுங்கும். எது என்பதைப் பற்றுச்சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கும் கடையில் கூறை எடுக்காதீர்கள். பேரம் பேசத் தெரியாதவர்களுக்கு 1935இல் ஆரம்பித்த கைத்தறிக் கூட்டுறவுச் சங்கமான கோ-ஆப்டெக்ஸ் நல்ல இடம். அங்கே ஒரே விலை. எங்கே எடுத்தாலும் சாரியை முழுதாக விரித்து, பகல் வெளிச்சத்தில் நிறத்தையும் நெசவையும் பாருங்கள். பக்கத்து ஊர்க்காரர் மறுநாள் மாற்றிக்கொள்வார். கடல் கடந்து வந்தவர்களால் முடியாது.

தங்கத்தில் அவசரம் வேண்டாம். 2023 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் விற்கும் நகையில் ஹோல்மார்க் முத்திரையோடு ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த அடையாளக் குறியும் இருக்க வேண்டும். 22 கரட்டுக்கு 916 என்றிருக்கும். கடைக்காரரின் பூதக்கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பவுன் விலை எல்லாக் கடையிலும் ஏறத்தாழ ஒன்றுதான். வித்தியாசம் செய்கூலியிலும் சேதாரத்திலும்தான். மூன்று கடைகளில் அதை மட்டும் கேட்டு ஒப்பிடுங்கள். நகை வாங்குவதற்கு முன் இலங்கைச் சுங்கத்தின் அப்போதைய விதியைக் கேட்டறியுங்கள். கழுத்திலும் கையிலும் போட்டுக்கொண்டு வந்தால் கேட்கமாட்டார்கள் என்று சொல்பவர்களின் பேச்சை நம்பாதீர்கள். பிடிபட்டால் நகையும் போய், மானமும் போய்விடும்.

மண்ணடிப் பக்கம் 'குருவி' என்றொரு சொல் வழங்குகிறது. பிறருடைய சாமானை ஊர் விட்டு ஊர் காவிப் போகிறவர்களுக்கு வைத்த பெயர் அது. "இந்தச் சின்னப் பொதியைக் கொழும்பில் ஒருவர் வந்து வாங்கிக்கொள்வார், உங்கள் டிக்கற் காசைத் தருகிறோம்" என்று இனிக்கப் பேசுவார்கள். ஊர்க்காரராகவும் இருக்கலாம், உறவு சொல்லியும் வரலாம். பெண்களைச் சோதிக்கமாட்டார்கள் என்ற எண்ணத்தில் நம் சகோதரிகளையே தேடி வருவார்கள். பொதிக்குள் என்ன இருந்தாலும் சட்டத்தின் முன் அது உங்களுடையது. "மாட்டேன்" என்று ஒரே சொல்லில் முடியுங்கள்.

நோயாளியோடு போகிறவர்களுக்கு

கல்யாணத்துக்காகப் போகிறவர்களைப் போலவே வைத்தியத்துக்காகப் போகிறவர்களும் அதிகம். 1978இல் நிறுவப்பட்ட சங்கர நேத்ராலயா கண் வைத்தியசாலை நுங்கம்பாக்கத்திலும், 1983இல் தொடங்கிய அப்பலோ கிரீம்ஸ் சாலையிலும் உள்ளன. சிகிச்சைக்குப் போகிறவர் சுற்றுலா விசாவில் போக வேண்டாம். அதற்கென்று வைத்திய விசா உண்டு. துணைக்குப் போகும் உறவினர் இருவர் வரை அதற்குரிய விசாவைப் பெறலாம். இங்குள்ள பரிசோதனை அறிக்கைகள் அனைத்தையும் கொண்டு போங்கள். வைத்தியசாலைக்கு நேரடியாக எழுதிச் செலவு மதிப்பீட்டைப் புறப்படுமுன்பே வாங்குங்கள். வாசலில் நின்று "நான் அழைத்துப் போகிறேன்" என்று வரும் தரகருக்குக் கொடுக்கும் பணம் உங்கள் நோயாளியின் மருந்துக் காசு.

கிரீம்ஸ் சாலையைச் சுற்றியுள்ள சந்துகளில் நோயாளிகளின் குடும்பங்களுக்கென்றே அடுப்போடு கூடிய அறைகள் வாடகைக்குக் கிடைக்கின்றன. நாட் கணக்கில் அல்லாமல் வாரக் கணக்கில் பேசினால் வாடகை குறையும். அறுவைச் சிகிச்சை முடிந்த வாப்பாவுக்கு ஒரு கோப்பைக் கஞ்சி காய்ச்சிக் கொடுக்க முடிவது அந்த நேரத்தில் எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும். கொஞ்சம் அரிசியும் தேயிலையும் உடன் கொண்டு போங்கள்.

இன்னும் சில

பெண்கள் தொழுவதற்கு எல்லாப் பள்ளிவாசல்களிலும் இடமில்லை. காலையில் கடைத்தெருவுக்குப் போய், லுஹருக்கு அறைக்குத் திரும்பி, தொழுது இளைப்பாறி, அஸருக்குப் பின் மீண்டும் போகும்படி நாளை வகுத்துக்கொள்ளுங்கள். காலுக்கும் ஓய்வு, கைப்பைக்கும் ஓய்வு. பகல் முழுதும் கடைகடையாய் ஏறி இறங்கியவர்கள்தான் மாலையில் களைத்துப்போய் "எதையாவது எடுப்போம்" என்று விலை பாராமல் எடுக்கிறார்கள்.

கடவுச்சீட்டின் பிரதி ஒன்று எப்போதும் கைப்பையில் இருக்கட்டும். அசல் அறையில் பூட்டியிருக்கட்டும். தங்கியிருக்கும் விடுதியின் விலாச அட்டையைப் பிள்ளைகளின் சட்டைப் பையிலும் வையுங்கள். ஆபத்தென்றால் 112, பெண்களின் உதவிக்கு 181, அம்புலன்ஸுக்கு 108. கடவுச்சீட்டுத் தொலைந்தால் பொலிஸில் முறையிட்டு, நுங்கம்பாக்கத்திலுள்ள இலங்கைத் துணை உயர் ஸ்தானிகராலயத்துக்குப் போங்கள்.

கடைசியாக ஒன்று. பட்டியலில் நாலு நிரல் போடச் சொன்னேன் அல்லவா? ஐந்தாவதாக ஒரு நிரலைச் சேருங்கள்: "இது இல்லாவிட்டால் கல்யாணம் நின்றுவிடுமா?" இந்தக் கேள்விக்கு ஆம் என்று பதில் வரும் பொருட்கள் மிகச் சிலவாகத்தான் இருக்கும். அவற்றை முதல் நாளே எடுத்துவிடுங்கள். மற்றவற்றுக்கு மிஞ்சிய பணம் போதும் வரை வாங்குங்கள். போதாவிட்டால் விட்டுவிட்டு வாருங்கள். கூறை ஒரு நாளைக்கு உடுப்பது. அதற்காகப் பட்ட கடனை மகளின் பிள்ளை நடை பழகும் வரையும் கட்டிக்கொண்டிருப்பவர்கள் நம் அயலிலேயே இருக்கிறார்கள். அந்த வரிசையில் நீங்களும் சேர வேண்டாம். பயணம் நலமாகட்டும்!